கடைசிப் பந்தி

முதல் பந்தி எழுந்து போகிறது. போகட்டும், முன்வரிசைக்காரர்களுக்கு என்ன, மோட்சத்திலும் முன்வரிசைதான் என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறவர்கள். கெத்சியாள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்த அதே நேரத்தில் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில், சுவரோரமாக, சுகிர்தா இருந்தாள், வெள்ளைச் சேலை, மடியில் வேதப்புத்தகம், அதன்மேல் இரண்டு கையும். முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை, வாசல்படிவரை ஆள் நிற்கிறது, ஆனால் அந்தப் பெஞ்சில் மட்டும் இன்னும் மூன்று பேர் காலை நீட்டி உட்காரலாம். பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று பயம் போலிருக்கு. அடப்பாவிகளா! ஜெபம் பண்ணுகிற கண்ணெல்லாம் பாதி திறந்த கண், எல்லாம் அந்தச் சுவரோரத்தைத்தான் பார்க்கிறது, இந்த மாதமாவது எழுந்து வருவாளா என்று. பந்தி பந்தியாக எழுந்து போய், பீடத்து முன்னால் மரக்கிராதியில் முழங்கால்படியிட்டு, குருவானவர் கையால் அப்பம் வாங்கி, பின்னால் உதவிக் குரு கொண்டுவருகிற ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் ஒருவர் வாய்வைத்த பிறகு அடுத்தவர் வாய்வைத்துத் திரும்பி வரவேண்டும், அதுதான் இந்தச் சபையில் வழக்கம். எழுந்து போகாமல் பெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான், மனசாட்சி உறுத்துகிறது, உள்ளே ஏதோ அழுக்கு இருக்கிறது. சுகிர்தா பல மாதமாகப் போகவில்லை. அதனால் இன்றைக்குக் கடைசிப் பந்தி முடிந்ததும் சபைச் செயலாளர் தனசிங் அண்ணாச்சி எழுந்து, அவள் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டாள் என்று சபை முன்னால் வாசிக்கப் போகிறார். வராதவளை வரக்கூடாது என்று சொல்ல ஒரு கமிட்டி! அந்தக் கமிட்டியில் கெத்சியாளும் ஒரு ஆள், பெண்கள் சார்பாக, ஒரே ஆள்.

இதை நினைத்தாலே காது மடல் சுடுகிறது. நேற்றுச் சாயங்காலம் கூட்டத்தில் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி வந்தது, ஒரு பெண்பிள்ளை வாழ்க்கையை வெட்டிப் புதைக்கிற கூட்டத்துக்குப் பஜ்ஜி, சட்னி, எல்லாரும் எண்ணெய் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே பேசினார்கள். "ரெண்டு மாசம் ஊர்லயே இல்ல, தூத்துக்குடியில சித்தி வீட்டுல இருந்தேங்கா. போகும்போது பூசினாப்புல இருந்தா, வரும்போது எலும்பும் தோலுமா வந்தா. வந்ததுலருந்து திருவிருந்துக்கு எந்திரிக்கவே இல்ல. இதுக்கு மேல என்னத்த விளக்கணும்?" என்று தனசிங் அண்ணாச்சி சொன்னார், சொல்லிவிட்டு விளக்கிவிட்டதுபோலத் தலையை ஆட்டினார். மூன்று செங்கலை அடுக்கி வைத்துவிட்டு வீடு கட்டியாயிற்று என்கிற மனுஷன். ஆளுக்கு ஆள் தலையாட்டினார்கள். நான் ஆட்டலையே, என்று கெத்சியாள் இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், நான் கேட்டேனே, யாராவது போய் அவகிட்ட கேட்டியளா அண்ணாச்சின்னு கேட்டேனே. "இதெல்லாம் ஒரு பொம்பளப்பிள்ளகிட்ட போயி எப்படிக் கேக்க முடியும் கெத்சியா?" என்றார். கேட்க வெட்கமாம்! வாசிக்க வெட்கமில்லையாம்! கேட்பதற்குக் கூச்சப்படுகிற வாய், ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும்படி வாசிக்கப் போகிறது. பெயர் வாசிக்கப்பட்டால் நாளைக்கே அவளுக்குப் பாலர் பள்ளியில் வேலை இல்லை, அது சபை நடத்துகிற பள்ளி. தை மாதம் கல்யாணம், அதுவும் இந்தக் கோயிலில் நடக்காது, மாப்பிள்ளை வீட்டார் அதற்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். ஒரு நிமிஷ வாசிப்பு. பஜ்ஜி ஜீரணமாகிற நேரம்கூட இல்லை.

இரண்டாவது பந்தி. பாடற்குழு தாழ்ந்த குரலில் பாடுகிறது, ஆர்மோனியத்தில் ஒரு கட்டை எப்போதும்போல இழுக்கிறது. பக்கத்தில் இருந்த ஜாய்ஸ் மதினி குனிந்து, "என்ன கெத்சியா, மொகம் கடுகடுன்னு இருக்கு? அந்தப் பிள்ள காரியமா? நாம யாரு தீர்ப்புச் சொல்ல, எல்லாம் ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்று காதுக்குள் ஊதினாள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார், ஆமாம், எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு நீ வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு வை. தீர்ப்புச் சொல்லாதே என்றால் வாயைப் பொத்திக்கொண்டு இரு என்று அர்த்தமா? பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கல்லெறிந்து கொல்லும்போது கல்லை நான் எறியவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குப் பெயர் தாழ்மையா? தோற்றத்தைப் பார்த்துத் தீர்க்காதே, நீதியாய்த் தீர்ப்புச்செய் என்றுதானே அவர் சொன்னார், தீர்க்கவே தீர்க்காதே என்றா சொன்னார்? ஆதாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தபோது அவன் எங்கே இருக்கிறான் என்று ஆண்டவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கூப்பிட்டுக் கேட்டார். சோதோமின் கூக்குரல் மேலே வந்து எட்டிய பிறகும், இறங்கிப் போய்ப் பார்க்கிறேன், கேள்விப்பட்டது சரிதானா என்று அறிகிறேன் என்றார். வானத்தில் இருக்கிறவருக்கே இறங்கிப் பார்க்கவேண்டியிருந்தது, தனசிங் அண்ணாச்சி வீட்டுக்கும் சுகிர்தா வீட்டுக்கும் நடுவில் ஒரு முடுக்குச் சந்துதான் இருக்கிறது, அதைத் தாண்ட அவருக்குக் கால் வரவில்லை. அந்தக் கிழட்டு ஆசாரியன் ஏலிகூடப் பரவாயில்லை. பிள்ளையில்லாத அன்னாள் கோயிலில் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அழுததைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினான், தப்புதான், ஆனால் முகத்துக்கு நேரே கேட்டான். அவள் இல்லை ஆண்டவனே என்று சொன்னதும் ஒத்துக்கொண்டு, சமாதானத்தோடே போ என்று அனுப்பினான். கண் மங்கின ஏலிக்கு இருந்த யோக்கியதை, புதுக் கண்ணாடி போட்டிருக்கிற இவர்களுக்கு இல்லை.

ஆனால் கெத்சியா, நீ தனசிங்கை அளக்கிற படி மட்டும் சரியான படிதானா? மாவு மில் நடத்துகிறவளுக்கு அளவைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டாம், இருந்தாலும் மனசு போய் அங்கே சிக்கிக்கொள்கிறது. அவள் புருஷன் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுக்க வந்து நின்றவர் தனசிங். பிரேத வண்டிக்குள் கூடவே உட்கார்ந்து ஊர்வரை வந்தவர் தனசிங். என் மகளா இருந்தாலும் இதத்தான் செய்வேன் என்று நேற்றுச் சொன்னார், அதைச் சத்தியமாகத்தான் சொன்னார், செய்தும் இருப்பார், அதுதான் சங்கடம். கெட்டவன் என்றால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். இவர் சபைக்கு நல்லது செய்கிறதாக நினைத்துத்தான் செய்கிறார், அழுக்கைக் கழுவுகிறதாக நினைத்துத்தான் பிள்ளையை வாளியோடு கிணற்றில் போடுகிறார். அன்றைக்குப் பிரேதம் வீட்டுக்கு வந்தபோது கெத்சியாள் அழவில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கண்ணீர் எல்லாம் வற்றிப்போய்த்தான் வந்திருந்தாள். இதே கோயில் பெண்கள்தான் பேசினார்கள், கல்நெஞ்சுக்காரி, சொட்டுக் கண்ணீர் விடலியே, மில்லு அவ பேருக்கு வந்துட்டுல்லா என்று. கேட்டார்களா? ஒருத்தியாவது வந்து கையைப் பிடித்து, ஏன் கெத்சியா அழலை என்று கேட்டாளா? கேட்டிருந்தால் அப்போதே அழுதிருப்பாளே, வாய்விட்டு, அவள் மடியிலேயே.

மூன்றாவது பந்தி, ஆண்கள் பக்கம். மகன் ரூபன் போகிறான், சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, முடியை நனைத்துப் படிய வாரிக்கொண்டு. அவனைப் பார்த்ததும் பயம் வந்தது. ரூபன் திருச்சபையின் திருமண்டலப் பள்ளியில் தற்காலிக வாத்தியார், நிரந்தரமாகிற காரியம் தனசிங் அண்ணாச்சி வாயில் இருக்கிறது, அவர் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும், சொல்லாவிட்டால் இவன் இன்னும் நாலு வருஷம் இப்படித்தான் முடியை நனைத்து வாரிக்கொண்டு திரிவான். காலையில் புறப்படும்போது அவன் சொன்னான், "அம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சும்மா இரேன்." சும்மா இரு, சும்மா இரு, பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தை. நான் சும்மா இருந்தா ஒனக்கு வேல கெடைக்கும், நெசந்தான் மக்கா, ஆனா அந்த வேலையில போயி பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்ப? ஐயோ, நிஜமாகவே கிடைக்காமல் போய்விட்டால்? இருக்கிற ஒரே பிள்ளை. அவனுக்கும் பெண் பார்க்கவேண்டும். ஆண்டவரே, எதற்காக என்னை அந்தக் கமிட்டியில் கொண்டுபோய் உட்கார வைத்தீர், ஜாய்ஸ் மதினியை வைத்திருந்தால் பஜ்ஜியைத் தின்றுவிட்டு நிம்மதியாக வந்திருப்பாளே.

இதெல்லாம்கூட ஒரு பக்கம். காலையில் கெத்சியாள் ஏன் அந்த முடுக்கைத் தாண்டிப் போனாள்? போகாமல் இருந்திருந்தால், எனக்குத் தெரியாது, நீங்களும் தெரியாமல் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டு முடித்திருக்கலாம். இப்போது தெரிந்துவிட்டது, தெரிந்ததுதான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. விடிந்ததும் போய்க் கதவைத் தட்டினாள், சுகிர்தா தலை ஈரத்தோடு வந்து நின்றாள், கெத்சியாள் சுற்றிவளைக்கவில்லை, "ஏ பிள்ள, நீ ஏன் திருவிருந்துக்கு வரமாட்டேங்க? நான் ஒங்கிட்டயே கேக்கணும்னு வந்தேன்" என்றாள். அந்தப் பெண் அப்படியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே கூட்டிப்போய், அடுக்களை மூலையில் நின்று, குரலே வராமல் சொன்னாள். "எனக்கு டிபி அத்த. தூத்துக்குடியில மருந்து எடுத்தேன். இன்னும் கொஞ்ச நாள் மாத்திர இருக்கு. டாக்டர் இனிமே யாருக்கும் ஒட்டாது, பள்ளிக்கூடத்துக்கே போலாம்னு சொல்லிட்டாவ. பாத்திரத்தால வராதுன்னும் சொன்னாவ. ஆனா எனக்கு மனசு கேக்கல அத்த. எனக்கு அடுத்தாப்புல வாய் வைக்கிறது வயித்துப்பிள்ளக்காரியா இருந்தா? ஒருவேள டாக்டர் சொன்னது தப்பா இருந்தா? மாத்திர முடியட்டும், வரேன்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா ஒரு பிள்ளையையாவது என் வகுப்புக்கு அனுப்புவாவளா? அவருகிட்ட மட்டும் சொல்லிருக்கேன், அவரு சரின்னுட்டாரு. நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது அத்த" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்புக் கை. அவரு என்றால் மாப்பிள்ளை. அவனுக்குத் தெரியும், தெரிந்தே சரி என்றிருக்கிறான், இந்த ஊரிலேயே வேதம் தெரிந்தவன் வெளியூர்க்காரன்.

பாத்திரம் கிராதி ஓரமாக நகர்கிறது, ஒருவர் குடித்ததும் உதவிக் குரு வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்த வாய்க்குக் கொடுக்கிறார். தனசிங் அண்ணாச்சி குடிக்கிறார். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த விளிம்பு உங்களுக்குச் சுத்தமாக இருக்கவேண்டும் என்றுதான்யா அந்தப் பிள்ளை பட்டினி கிடக்கிறாள், அதற்காகத்தான் அவளைத் தூக்கி வெளியே போடப் போகிறீர்கள், என்று எழுந்து கத்தலாம் போலிருந்தது. கத்தினால் தீர்ந்தது. கத்தினால் அவள் யோக்கியதை மீளும், வேலை போகும். பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாளைக்கே அள்ளிக்கொண்டு போவார்கள். சும்மா உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால்? என்ன உடம்பு, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாளாக என்று தோண்டாமல் விடுவார்களா இந்தச் சனங்கள்? பொய் சொல்லிவிடலாமா, பல் பிடுங்கினாள், வயிற்றுப்புண், ஏதோ ஒன்று? நல்லதுக்குச் சொன்னாலும் பொய்ச்சாட்சி பொய்ச்சாட்சிதான், அதுவும் பாத்திரம் நகர்கிற இடத்தில் வைத்து. உண்மையைச் சொல்லக் கூடாது, பொய் சொல்ல மாட்டேன், சும்மா இருக்கவும் முடியாது. மூன்று பக்கமும் சுவர். கெத்சியாளுக்கு முதுகில் வியர்வை இறங்கியது, மின்விசிறி தலைக்கு மேல்தான் சுற்றுகிறது, ஆனாலும் இறங்கியது. அவள் இரகசியம் அவளுடையது, அதை எடுத்து வீச எனக்கு உரிமை இல்லை. சரி, அவளைப் பற்றிச் சொல்லத்தானே கூடாது? உங்களைப் பற்றிக் கேட்கலாமே? நேற்றுக் கேட்டதையே இன்றைக்குக் கேட்கலாமே, பஜ்ஜித் தட்டுக்கு முன்னால் இல்லை, பீடத்துக்கு முன்னால்?

கடைசிப் பந்திக்குக் கை காட்டியாயிற்று. ஜாய்ஸ் மதினி எழுந்துவிட்டாள், "வா கெத்சியா" என்கிறாள். கெத்சியாள் எழுந்தாள், நடுப்பாதைக்கு வந்தாள், கால் முன்னால் போகவில்லை. ரூபன் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறான், அவன் முகம் வெளிறுகிறது, பாவம் பிள்ளை, பெற்றவளை அவனுக்குத் தெரியும். மன்னிச்சுக்கோ மக்கா.

"ஐயா," என்றாள் குருவானவரைப் பார்த்து. பாட்டு அறுந்து நின்றது. "சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டுன்னு நெனைவு வந்தா, பீடத்துக்கு வராத, மொதல்ல அதத் தீத்துட்டு வான்னு நீங்கதான் சொல்லித் தந்திய. எனக்கு இப்ப நெனைவு வந்துட்டு. அதனால இங்கன நின்னே கேக்கேன். சுகிர்தா பேர இன்னைக்கு வாசிக்கப் போறிய. அவகிட்ட போயி, ஏன் வரலன்னு கேட்டது யாரு? கமிட்டியில ஒரு ஆள் கையத் தூக்கட்டும்."

கமிட்டிக்காரர்கள் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டினார்கள்.

"சரி, கேக்கல. பாத்தது யாரு? ரெண்டு மூணு சாட்சி இல்லாம எந்தக் காரியமும் நெலைநிக்காதுன்னு வேதத்துல இருக்கு. அவ தப்புப் பண்ணினதக் கண்ணால பாத்த ரெண்டு பேரு எந்திரிச்சு நில்லுங்க. ரெண்டே ரெண்டு பேரு. நான் உக்காந்துக்கிடுதேன்."

ஒருவரும் எழவில்லை. கடைசிப் பெஞ்சில் சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். தனசிங் அண்ணாச்சி மெதுவாக எழுந்தார், கோபமாக இல்லை, அதுதான் இன்னும் மோசம், நியாயமான மனுஷன் குரலில் பேசினார்.

"கெத்சியா, இது கோயிலு. சத்தம் வேண்டாம். நான் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். கடைசிப் பந்தி இன்னும் முடியல. அந்தப் பிள்ள மனசுல ஒண்ணும் இல்லன்னா இப்ப எந்திரிச்சு வரட்டும். எல்லார் முன்னாலயும் அந்தப் பாத்திரத்துல வாய் வைக்கட்டும். நான் பேரை வாசிக்கல. இத்தோட முடிஞ்சுது."

சபை முழுக்கத் தலையாட்டியது, நல்ல யோசனை, இதைவிட என்ன நியாயம் வேண்டும். எல்லாத் தலையும் பின்னால் திரும்பின. சுகிர்தா எழுந்து நின்றாள். போ பிள்ள, போ, என்று கெத்சியாள் மனசுக்குள் கெஞ்சினாள், டாக்டரே சொல்லியாச்சு, ஒண்ணும் ஆவாது, ஒரே ஒரு வாய், உதட்டை நனைத்தால் போதும், வேலை இருக்கும், கல்யாணம் இருக்கும், எல்லா வாயும் மூடும், போயேன் தாயே. சுகிர்தா கிராதியைப் பார்த்தாள். அங்கே முழங்கால்படியிட்டிருந்தவர்களில் உப்பின வயிற்றோடு ஒரு மருமகப்பெண் இருந்தாள், கிராதியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. சுகிர்தா அவளைப் பார்த்தாள். பிறகு கெத்சியாளைப் பார்த்து, கொஞ்சமாகத் தலையை அசைத்து, மாட்டேன் அத்த என்பதுபோல, உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியளா," என்றார் தனசிங். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

பாத்தியளாவா? என்னத்தைப் பார்த்தீர்? இவ்வளவு பெரிய சபையில் இந்தப் பாத்திரத்துக்கு இவளைப்போலப் பயந்தவள், இவளைப்போல மரியாதை கொடுத்தவள் யாராவது உண்டா, வாயைத் துடைத்துக்கொண்டு போகிற கூட்டம், நீங்கள் எதைப் பார்த்தீர்கள்? கெத்சியாளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அழுகை இல்லை அது, ஆத்திரம், அதற்கு அடியில் ஏதோ ஒரு பெருமை, இந்தப் பிள்ளையை நான் பெறவில்லையே என்கிற மாதிரி. அவள் பீடத்துப் பக்கம் போகவில்லை. திரும்பினாள். நடுப்பாதையில் எல்லார் முன்னாலும் பின்பக்கமாக நடந்து போய், கடைசிப் பெஞ்சில், காலியாகக் கிடந்த இடத்தில், சுகிர்தாவை ஒட்டி உட்கார்ந்தாள். அந்த எலும்புக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் வரல அண்ணாச்சி. எம் பேரையும் சேத்து வாசிங்க."

"ஒம்பேரா? ஒனக்கு என்ன காரணம்?"

"அவளுக்கு என்ன காரணம் எழுதிருக்கியளோ அதையே எனக்கும் எழுதுங்க. அதையும் சேத்து வாசிங்க, சபை கேக்கட்டும். தெரிஞ்சா வாசிங்க."

தனசிங் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். அவர் குருவானவரைப் பார்த்தார், கமிட்டிக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் எல்லாரும் அவரவர் காலைப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண்பிள்ளை முன்பெஞ்சில் மூக்கை உறிஞ்சினாள். குருவானவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னைக்கு அறிவிப்பு ஒண்ணும் கிடையாது. எல்லாரும் எழுந்து நில்லுங்க, ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

சபை எழுந்தது, பெஞ்சுகள் முனகின, தப்பித்தோம் என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு கோயில் முழுக்கப் போனது. சுகிர்தாவும் எழப் போனாள். கெத்சியாள் அவள் கையை விடவில்லை, இழுத்து உட்காரவைத்தாள்.

"ஜெபம் பொறவு பண்ணலாம் ஐயா," என்றாள். "மொதல்ல எல்லாரும் இந்தப் பிள்ளகிட்ட மன்னிப்புக் கேளுங்க."